மின்காப்பகத்துக்கு ஸ்கேனர் மட்டும் போதாது

பல்கலைக்கழக நூலகம் ஒன்று, தன்னிடம் உள்ள பழைய பொருள்களைப் படமெடுத்து இணையத்தில் வைக்கும் மின்காப்பகம் தொடங்கினால் பெரும்பாலும் பேர்போன பொருள்தான் முதலில் வெளியே வரும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2011இல் நியூட்டனின் கையெழுத்துத் தாள்களை முன்னிறுத்தியது. இன்றுவரை யாராலும் படித்துச் சொல்ல முடியாத வாய்னிச் சுவடியின் பக்கங்களை யேல் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. நல்ல காரியம்தான். நியூட்டன் அடித்துத் திருத்திய வரியைப் பெரிதாக்கிப் பார்க்கும் வாய்ப்பு முன்பெல்லாம் யாருக்குக் கிடைத்தது?

ஆனால் இந்தக் காப்பகங்களுக்குள் தொடர்ந்து போய்வந்தால் ஒன்று புரியும். யாரும் சேமிக்க வேண்டும் என்று நினைக்காத துக்கடாக் காகிதம்தான் பெரிய செல்வம். வரவுசெலவுச் சீட்டு, ஊர்வலத் துண்டறிக்கை, ஆய்வகக் குறிப்பேடு, பெயர் தெரியாதவர்களின் புகைப்படம், வீட்டில் பதிவுசெய்த குரல். இவற்றைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்பேன். பேர்போன நூலுக்கு எப்படியும் நாலு பிரதி இருக்கும். துண்டுச்சீட்டு ஒன்றே ஒன்றுதான்.

கெய்ரோ கெனிசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இறைவன் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது என்ற யூத மரபால், பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் ஓர் அறை நிறையத் தாள்கள் குவிந்துகிடந்தன. கெனிசா என்பது அந்த அறைதான். 1896-97இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் அங்கே போய் அதில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அந்த நூலகத்தில் மட்டும் 1,90,000க்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. அறிஞர்கள் நெடுநாள் அதிலிருந்த சமய நூல்களுக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். வியாபாரக் கடிதம், சீர்வரிசைப் பட்டியல், மருந்துச் சீட்டு, குழந்தைகள் எழுத்துப் பழகிய தாள் எல்லாம் பின்வரிசையில் காத்துக்கிடந்தன. அப்புறம் வரலாற்றாசிரியர் எஸ். டி. கொய்ட்டைன் வந்தார். அந்தத் துக்கடாக்களை வைத்தே இடைக்கால மத்தியதரைக் கடலோர மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பல தொகுதிகளாக எழுதிக் காட்டினார்.

அதில் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 12ஆம் நூற்றாண்டில் மங்களூர்ப் பக்கம் வந்து தங்கிய ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகர். ஏமன் நாட்டுத் துறைமுகமான ஏடனில் இருந்த கூட்டாளி அவருக்கு எழுதிய கடிதங்கள் பிழைத்திருக்கின்றன. இங்கிருந்து போன சரக்கின் கணக்கு அதில் வருகிறது. அங்கிருந்து கப்பலில் அனுப்பிய பொருள்களின் பட்டியலும் வருகிறது. அனுப்பிய பொருள்களில் எழுதுவதற்கான காகிதமும் உண்டு. அரசனோ போரோ இல்லாத இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது இரண்டு மனிதர்கள் நம் முன்னால் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது. எந்தக் கல்வெட்டும் எனக்கு இதைக் கொடுத்ததில்லை.

காகிதத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தில் எடிசன் காலத்தில் குரலும் பாட்டும் பதிந்துவைத்த மெழுகு உருளைகளை ஒலிக்கோப்புகளாக மாற்றி, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். 10,000க்கும் மேல் இருக்கிறது. அந்த உருளைகளை ஓட்டிய கருவியில் பாட்டுக் கேட்கவும் செய்யலாம், வீட்டிலேயே குரலைப் பதியவும் செய்யலாம். அதனால் குடும்பங்கள் தங்களுக்குள் பாடிச் சிரித்துப் பதிந்துவைத்த உருளைகளும் அங்கே உண்டு. கரகரப்புக்கு நடுவே, எப்போதோ இறந்துபோன ஒருவர் சிரிக்கிறார். ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் மெழுகு கொஞ்சம் தேயும். பூஞ்சை பிடித்தால் குரலே போய்விடும். இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாது.

சரி, ஸ்கேன் செய்தாயிற்று, பதிவேற்றியாயிற்று. வேலை முடிந்ததா? எனக்கு இருக்கும் பெரிய வருத்தமே இதில்தான். ஒரு நூலகத்தின் காப்பகத்தில் பழைய கடிதங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்த விவரம் ‘பல்வகைக் கடிதங்கள்’ என்ற தலைப்பும் ஒரு பெட்டி எண்ணும் மட்டுமே. உள்ளே நூற்றுக்கணக்கான படங்கள். யார் எழுதியது, யாருக்கு, எந்த ஆண்டு, எந்த மொழி, ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அப்படிக் கிடப்பதும் பூட்டிய பெட்டியில் கிடப்பதும் தேடுகிறவருக்கு ஒன்றுதான்.

விவரம் எழுத ஆள் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஹார்வர்டைப் பாருங்கள். அங்கே வானியல் கண்ணாடித் தகடுகள் 5 லட்சத்துக்கு மேல் உள்ளன. அவற்றை அளந்து கணக்கிட்ட பெண்களின் குறிப்பேடுகள் கிடங்கில் கிடந்தன. நூலகம் அவற்றை மின்மயமாக்கியது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தார்கள். விண்மீன்களின் தூரத்தை அளக்க 1912இல் வழிகாட்டிய ஹென்ரியட்டா லீவிட்டின் பெயர் நமக்குத் தெரியும். அவரோடு வேலை பார்த்து, கட்டுரைகளில் பெயர் வராமலே போன மற்றப் பெண்கள் இப்போது அந்தக் குறிப்பேடுகள் வழியாகத்தான் தெரியவருகிறார்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷோவா அறக்கட்டளை, யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் வாய்மொழிச் சாட்சியங்களை நிமிடவாரியாகக் குறிச்சொல் போட்டு அட்டவணைப்படுத்தியிருக்கிறது. 50,000க்கு மேற்பட்ட காணொளிகளில் ஓர் ஊர்ப் பெயரைத் தேடினால், அதைச் சொல்லும் இடத்துக்கே போய் நிற்கலாம். உழைப்பென்றால் இதுதான் உழைப்பு.

எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முக்கூர்ட்டு என்ற மென்பொருளை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. எந்தச் சடங்குப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே அதில் தீர்மானிக்கலாம். படம் யாருடையதோ, முடிவும் அவர்களுடையதாக இருப்பதுதான் நியாயம்.

படம் இருக்கிறதே, அசல் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. டார்வினின் இரண்டு குறிப்பேடுகள் கேம்பிரிட்ஜில் காணாமல் போய் 20 ஆண்டுக்கு மேல் ஆகி, 2022 மார்ச்சில் இளஞ்சிவப்புப் பரிசுப் பையில் திரும்பி வந்தன. ஏற்கெனவே படம் எடுத்திருந்ததால் இடைப்பட்ட காலத்திலும் பக்கங்களைப் படிக்க முடிந்தது. ஆனாலும் தாளையும் மையையும் சோதிக்க அசல்தான் வேண்டும். கோப்பு அழியாது என்ற நம்பிக்கையும் வீண். வன்தட்டு பழுதாகும், கோப்பு வடிவம் காலாவதியாகும். பிரதிகளைப் பல இடங்களில் வைத்து, அவை மாறாமல் இருக்கின்றனவா என்று அவ்வப்போது சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் வாசிப்பறை எரிய 2021 ஏப்ரலில் ஒரே ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

நூலகத் துறையில் இருப்பவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். அடுத்த நிதி விண்ணப்பத்தில் ஸ்கேனர் விலைக்குப் பக்கத்திலேயே, விவரம் எழுதுகிற பட்டியலாளரின் சம்பளத்தையும் போடுங்கள். ஆறு மாத ஒப்பந்தமாக வேண்டாம், நிரந்தரப் பணியாகக் கேளுங்கள். காப்பகங்களைப் பயன்படுத்துகிற மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பெயரில்லாப் புகைப்படத்தில் ஒரு முகத்தையோ கட்டடத்தையோ அடையாளம் தெரிந்தால், அந்தப் பொருளின் எண்ணைக் குறிப்பிட்டு நூலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.