பாசம் இருக்கிறவளுக்கும் வரும்

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். மூணு நாளா வந்துக்கிட்டே இருக்கு. வளைகாப்பு மேடையில மைக்கைப் பிடிச்சு, "பெத்த பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகும் ஒருத்திக்கு மனச்சோர்வு வருதுன்னா, அவகிட்ட தாய்ப்பாசம் இல்லைன்னு அர்த்தம்"னு ஒரு பெரியவர் சொன்னதும், கீழே இருந்தவங்க கை தட்டினதும் எல்லாருக்கும் தெரியும். என் கண்ணு அவர் மேல நிக்கல. கை நிறைய கண்ணாடி வளையலோட, கன்னத்துல சந்தனத்தோட, நாற்காலியில உட்கார்ந்திருந்த பொண்ணு மேலதான் நின்னுச்சு. இன்னும் ரெண்டு மாசத்துல அவளுக்கே இது வந்தா யார்கிட்ட போய் வாயைத் திறப்பா? அம்மா கை தட்டினாங்க, மாமியார் கை தட்டினாங்க, புருஷன் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தார்.

பாசம் வேற, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வுங்கிற இந்த நோய் வேற. எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

பிரசவத்துல நஞ்சுக்கொடி விழுந்ததும், ஒன்பது மாசமா ஏறிக்கிட்டே இருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன்ங்கிற ஹார்மோன்கள் ரெண்டு மூணு நாளுக்குள்ள அப்படியே சரிஞ்சிடும். பால் கட்டுற அதே நாள்கள்லதான் காரணமே இல்லாம அழுகை வரும், சின்னச் சொல்லுக்கும் கண்ணு கலங்கும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது உண்டு. மருந்து வேண்டாம், துணையும் தூக்கமும் இருந்தா 10 நாள், அதிகம் போனா 14 நாள்ல தானா அடங்கிடும். ரெண்டு வாரம் தாண்டியும் அடங்கலைன்னா, இல்லைன்னா ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சுப் புதுசா ஆரம்பிச்சா, அது நோய். இந்தியாவுல நடந்த 38 ஆய்வுகளை ஒண்ணா வச்சுப் பார்த்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தோட இதழ்ல ஒரு கணக்கு வந்தது. 22 சதவீதம். அஞ்சுல ஒரு தாய்க்கு மேல. அத்தனை பேருக்கும் பாசம் இல்லையா?

தடுப்பூசி வரிசையில பார்த்த ஒரு பொண்ணைச் சொல்றேன். 45-ஆம் நாள் ஊசி. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு, கருவளையல் எல்லாம் கச்சிதமா இருந்துச்சு. அவ மடியில ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தப் பக்கம் எத்தனை நிமிஷம் குடிச்சுது, எத்தனை தடவை ஈரம் பண்ணுச்சு, எல்லாம் நீலப் பேனாவுல. ராத்திரி வரிசை மட்டும் சிவப்பு: 1.10, 1.40, 2.15, 2.50, 3.20. "இத்தனை தடவையா முழிக்குது?"ன்னு கேட்டேன். "இல்ல சிஸ்டர், அது நல்லாத் தூங்குது. மூச்சு விடுதான்னு நான் எழுந்து பார்த்த நேரம் அது"ன்னா. பக்கத்துல நின்ன மாமியார் பெருமையா, "ரொம்பப் பொறுப்பான பொண்ணு"ன்னாங்க. பத்துக் கேள்வித் தாளைக் கொடுத்தோம். 30-க்கு 19 வந்தது. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரலைங்கிறது இந்த நோய்க்கு முக்கியமான அறிகுறி. அந்த வீட்டுல அதுக்குப் பேர் பொறுப்பு.

அந்தப் பத்துக் கேள்விகளை 1987-ல் ஸ்காட்லாந்துல உருவாக்கினாங்க. எடின்பரோ அளவுகோல்னு பேர். தமிழ்ல அதைச் சரிபார்த்து 2005-லேயே கட்டுரை வந்தாச்சு. நிரப்ப 5 நிமிஷம் போதும். கடைசி 7 நாள்ல எப்படி இருந்தேன்னு மட்டும் கேட்கும். சிரிக்க முடிஞ்சுதா, ஏதாவது ஒண்ணை ஆசையா எதிர்பார்த்தேனா, தேவையில்லாம என்னையே குறை சொல்லிக்கிட்டேனா, காரணமில்லாமப் பயந்தேனா, இப்படி. ஒவ்வொண்ணுக்கும் 0-லிருந்து 3 வரை, மொத்தம் 30. வழக்கமா 13 அல்லது அதுக்கு மேல வந்தா கட்டாயம் மருத்துவர் பார்க்கணும், 10-லேயே கவனிக்க ஆரம்பிக்கணும். களைப்பா இருக்கா, பசிக்குதான்னு அதுல கேட்கவே மாட்டாங்க. பிள்ளை பெத்தவ எல்லாருக்கும் களைப்பு இருக்கும், அதை வச்சு நோயைப் பிரிக்க முடியாது. பத்தாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கிற எண்ணம் பற்றியது. அதுக்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேற எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் 4 வந்தாலும் சரி, அவளைத் தனியா அனுப்பக் கூடாது.

ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்னு ஆறு தடவை வீட்டுக்கு வர்றாங்க. குழந்தை எடை, தொப்புள், காய்ச்சல் எல்லாம் பார்க்கிறாங்க. அவங்க உழைப்பை நான் குறை சொல்லல. "நீ எப்படி இருக்கே, சிரிச்சியா?"ன்னு கேட்கத்தான் அங்கே நேரம் இருக்கிறதில்லை. கேட்டாலும் பதிலை மாமியார்தான் சொல்றாங்க.

"எங்க பாட்டி பத்துப் பெத்தாங்க, அவங்களுக்கு இதெல்லாம் இல்லை"ன்னு வருவீங்க. பாட்டிக்கு இருந்துச்சா இல்லையான்னு யார் கேட்டீங்க? பிரசவ ஜன்னின்னு ஒரு சொல்லை நம்ம ஊரே வச்சிருந்துச்சே. அதுல பாதி காய்ச்சலும் வலிப்பும்தான், மீதியில இதுவும் இருந்துச்சு. பச்சை உடம்புல காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போனாங்களே, அவங்கெல்லாம் யாரு? பாரிஸ்ல லூயி விக்டர் மார்சேங்கிற மருத்துவர் 1858-லேயே பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கார். "பட்டணத்துப் பொண்ணுங்க நோகாம வளர்ந்தவங்க, அதான்"னு சொல்றவங்களுக்கு: 2002-ல் வெளியான ஆய்வு தமிழ்நாட்டுக் கிராமப் பெண்கள்கிட்ட நடந்தது. பிரசவத்துக்கு அப்புறம் புதுசா நோய் வந்தவங்க 11 சதவீதம். எதெல்லாம் அதைக் கூட்டுச்சுன்னும் எழுதியிருக்காங்க: வருமானம் குறைவு, மாமியாரோடயோ பெத்தவங்களோடயோ மனத்தாங்கல், கைவேலைக்கு ஆள் இல்லாதது, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டுல பெண் பிறந்தது. கை தட்டினவங்க இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. தாயைப் பார்த்துப் பாசம் இருக்கான்னு கேட்கிற ஊர், பிறந்தது பொண்ணுன்னு தெரிஞ்சதும் தொட்டில் பக்கமே வராத அப்பத்தாகிட்ட அதைக் கேட்டுச்சா?

மருந்து சாப்பிட்டா பால்ல போகுமேன்னு கேட்கிறது நியாயமான பயம், அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன். லேசான நோய்க்கு மாத்திரையே தேவைப்படாம இருக்கலாம். பேச்சுச் சிகிச்சை நல்லாவே வேலை செய்யுது. பாகிஸ்தான் கிராமங்கள்ல, மருத்துவரே இல்லாம, வீட்டுக்கு வீடு போற பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து 903 தாய்மாரை வச்சுச் செஞ்ச ஆய்வு 2008-ல் வந்தது. ஆறாம் மாசத்துல அந்தப் பேச்சு கிடைச்சவங்கள்ல 23 சதவீதம் பேருக்குத்தான் நோய் மிச்சம். கிடைக்காதவங்கள்ல 53 சதவீதம். நடுத்தரம், தீவிரம்னா மாத்திரை வேணும். பால் கொடுக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் முதல்ல எழுதுறது செர்ட்ராலின். 25 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 50-க்குப் போவாங்க, அளவை மருத்துவர்தான் முடிவு செய்யணும். பால்ல போறது ரொம்பக் கொஞ்சம். குழந்தை ரத்தத்துல பல சமயம் கண்டுபிடிக்கவே முடியாத அளவு. இந்த மாத்திரைக்காகப் பாலை நிறுத்தச் சொல்ற வழக்கம் இல்லை.

எங்கே தப்பு நடக்குதுன்னா, மாத்திரை வேலை செய்ய 2-லிருந்து 4 வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் ஆகலையே"ன்னு விட்டுடுறாங்க. இல்லைன்னா ரெண்டாம் மாசம் முகம் தெளிஞ்சதும் "அதான் நல்லாயிட்டியே"ன்னு வீட்டுலயே நிறுத்திடுறாங்க. குணமான பிறகும் குறைஞ்சது 6 மாசம் தொடரணும், நிறுத்தும்போது படிப்படியாக் குறைக்கணும். பக்கத்து மெடிக்கல்ல வெறும் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிறது இன்னொரு தப்பு. தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்காம விடுறது அடுத்தது. பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு வீங்கி, பிறகு சுரப்பு குறைஞ்சா அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். அவளுக்கோ சொந்தத்துலயோ முன்னாடி அளவுக்கு மீறின உற்சாகம், தூக்கமே இல்லாத வேகம் வந்திருந்தா அதைக் கட்டாயம் சொல்லணும். சொல்லாம இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தா நோய் அந்த உற்சாகப் பக்கமே திரும்பிடலாம்.

"மொபைல்தான் காரணம்"னு ஒரு கூட்டம். இதுக்கு நான் நேரம் செலவழிக்கப் போறதில்லை.

வீட்டுல செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுன்னா, தூக்கம். விட்டு விட்டு எட்டு மணி நேரம் தூங்கினாலும் பத்தாது, சேர்ந்தாப்புல 4, 5 மணி நேரம் வேணும். ராத்திரி 9 மணிக்குப் பால் கொடுத்துட்டு அவ வேற அறையில போய்ப் படுக்கட்டும். நடுவுல பசிச்சா, முன்னாடியே பீய்ச்சி வச்ச பாலைப் புருஷனோ அம்மாவோ பாலாடையில கொடுக்கலாம். சுத்தமான பாத்திரத்துல மூடி வச்சா வெளியில 4 மணி நேரம், நம்ம வெயிலுக்கு அதுக்கும் குறைவா வச்சுக்குங்க. ஃப்ரிட்ஜ்ல 4 நாள் வரை தாங்கும். அடுப்புல சூடு பண்ணாம வெந்நீர்ல கிண்ணத்தை நிறுத்தி வெதுவெதுப்பாக்கணும். பத்தியம்ங்கிற பேர்ல தண்ணியையும் கீரையையும் நிறுத்துற வேலையும் வேண்டாம். ஏற்கெனவே ரத்தம் போன உடம்பு அது.

பயப்படுற ஒரு விஷயத்தையும் சொல்லிடறேன், இதை யாரும் வெளியில பேசுறதில்லை. ஒரு பொண்ணு அரிவாள்மனையைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. கத்தி, கத்திரிக்கோல் எல்லாம் துணியில சுத்தி அதுக்கும் பின்னாடி. "குழந்தையை ஏதாவது பண்ணிடுவேனோன்னு மனசுல படம் படமா வருது"ன்னு நடுங்கினா. அதைக் கேட்டதும் வீட்டுல குழந்தையைப் பறிச்சுக்கிட்டாங்க, அவ இன்னும் உடைஞ்சு போனா. இப்படி வேண்டாத எண்ணம் பல தாய்மாருக்கு வரும். அந்த எண்ணத்தைக் கண்டு அவளே நடுங்குறா, ஒளிக்கிறா, அழுறான்னா அது பதற்றத்தோட அறிகுறி, சிகிச்சையில சரியாகும். பயமே இல்லாம, "இது என் குழந்தையே இல்லை, மாத்திட்டாங்க", "சாமி சொல்லுச்சு"ன்னு சொல்றவ, ரெண்டு மூணு நாள் தூங்காமலும் களைப்பே தெரியாதவ, அவளுக்கு வந்திருக்கிறது வேற, அது பிரசவத்துக்குப் பிந்தைய தீவிர மனநோய். ஆயிரத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துல வரும். அன்னைக்கே ஆஸ்பத்திரி. மந்திரிக்கிறவர் வீட்டுக்கு முதல்ல போகக் கூடாது. குழந்தையை அவகூடத் தனியா விடக் கூடாது. ஆனா பிரிச்சு வைக்கணும்னு அர்த்தமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில தாயையும் சேயையும் ஒண்ணாச் சேர்த்து வைத்தியம் பார்க்கிற பிரிவு 2009-லிருந்து இருக்கு. மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தையைச் சாதாரணமாப் பிரிக்கக் கூடாதுன்னு 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டமே சொல்லுது.

அப்பாக்களுக்கும் வரும். பத்துல ஒருத்தருக்கு. அது பெரும்பாலும் அழுகையா வராது, எரிச்சலா வரும், வேலையை விட்டு வீட்டுக்கு வர மனசில்லாம வரும், குடியா வரும். அந்த மேடையில சிரிச்சுக்கிட்டு நின்ன பையனுக்கும் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

அவர் பெரியவர், நல்ல மனசோட சொன்னார்னு இன்பாக்ஸ்ல நாலு பேர் வந்துட்டீங்க. இருக்கலாம். பிரசவ வார்டுக்கு வெளியே, ஆறாவது வாரம் வரை யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டு, "நான் கெட்ட அம்மாவா சிஸ்டர்?"னு காதுல கேட்கிறவளுக்கு அவர் மனசு நல்லதுங்கிறது எதுக்கு உதவும்? அவ இந்த மாதிரிப் பேச்சை ஏற்கெனவே காதுல வாங்கிட்டா. அதனாலதான் ஆறு வாரம்.

கமெண்ட்ல வீடியோவை மறுபடி ஒட்டுறவங்களை நீக்கிடுவேன். ராத்திரி பால் கொடுத்துக்கிட்டே இதைப் படிக்கிற யாருக்காவது பேசணும்னா டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் 14416. காசில்லை, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.