காக்ளியர் கருவி மூளையைக் கெடுக்குமா? உண்மை விளக்கம்

காது கேளாதோர் ஒலியை உணர உட்காதில் பொருத்துவது காக்ளியர் கருவி. "உட்காது அறுவைச் சிகிச்சை மூளை ரசாயனத்தைக் கெடுக்கும், எலிகளில் நிரூபணம், குழந்தைக்குக் காக்ளியர் கருவி வேண்டாம்" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. அது தவறு.

அந்த எலிச் சோதனைகளில் உட்காதிலுள்ள ஒரு பக்கச் சமநிலை உறுப்பை வேண்டுமென்றே அழிக்கிறார்கள். மூளைத்தண்டில் அந்தப் பக்கச் சமநிலை நரம்பணுக்கள் அடங்கிப்போகின்றன. எலியின் தலை சாய்கிறது, கண்கள் துடிக்கின்றன. சில மணி நேரத்தில், தம்மை அடக்கும் 'காபா' என்ற மூளை வேதிப்பொருளுக்கு அந்த நரம்பணுக்கள் குறைவாக இணங்கத் தொடங்குகின்றன. இரண்டு மூன்று நாளில் கண் துடிப்பு பெரிதும் தணிகிறது. ஆக, அந்த மாற்றம் கேடல்ல, மீட்சியின் பகுதி. மருத்துவ ஆய்வுகளின் இணையத் தொகுப்பான பப்மெட்டில், இந்த உறுப்பழிப்பின் பெயரான 'லேபிரிந்தெக்டமி' (labyrinthectomy) என்று ஆங்கிலத்தில் தேடிச் சரிபார்க்கலாம்.

காக்ளியர் சிகிச்சையில் அப்படிச் சமநிலை உறுப்பை வேண்டுமென்றே அழிப்பதில்லை; மெல்லிய மின்முனைகளை நத்தை வடிவக் கேள்உறுப்புக்குள் செலுத்துகிறார்கள். சில நாள் தலைசுற்றலாம், எஞ்சிய கேட்கும் திறன் குறையலாம். மருத்துவரிடம் கேட்கவேண்டியவை இவை போன்றவைதான். மொழி வளரும் முதல் ஆண்டுகளைப் பயத்தில் இழக்கவைக்கும் அந்தத் தகவலை தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.