கூனின் நூல் எந்த நூல்வரிசையில் வந்தது?
1962இல் அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூனின் ‘அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு’ வெளிவந்ததோடு, தர்க்கத்தையும் அனுபவச் சரிபார்ப்பையுமே அறிவுக்கு அடிப்படையாகக் கொண்ட தர்க்க அனுபவவாதம் முடிந்துபோனது என்று நான் இங்கே பதிலளிக்கும் கட்டுரையின் ஆசிரியர் எழுதுகிறார். முதுகலை வகுப்பில் எனக்கும் அப்படித்தான் சொல்லித்தரப்பட்டது என்றாலும், அந்த நூல் எந்த நூல்வரிசையில் வெளிவந்தது என்று பார்த்தாலே இக்கூற்று ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. தர்க்க அனுபவவாதிகளின் குழுவான வியன்னா வட்டத்தைச் சேர்ந்த ஓட்டோ நொய்ராட் முன்னின்று தொடங்கி, அதே வட்டத்தின் ருடால்ஃப் கார்னாப், சார்லஸ் மோரிஸ் ஆகியோருடன் சேர்ந்து பதிப்பித்த ஒருங்கிணைந்த அறிவியலுக்கான கலைக்களஞ்சியத்தின் ஒரு பகுதியாகவே அது வந்தது. பதிப்பாசிரியர் என்ற முறையில் கையெழுத்துப் படியைப் படித்த கார்னாப், அதை மனமாரப் பாராட்டிக் கூனுக்குக் கடிதமும் எழுதினார். இதை வெறும் பெருந்தன்மை என்று நான் கருதவில்லை: எந்த மொழிச் சட்டகத்தை, அதாவது எந்தச் சொற்களையும் விதிகளையும் கொண்ட அமைப்பை, ஏற்பது என்பது உண்மை பொய் பற்றிய கேள்வியல்ல, பயன்பாடு சார்ந்த தெரிவு என்று 1934 முதலே வாதிட்டுவந்தவருக்கு, அறிவியலாளர்கள் ஒரு சட்டகத்தைக் கைவிட்டு மற்றொன்றுக்கு மாறுகிறார்கள் என்ற கூனின் கருத்து அதிர்ச்சி தந்திருக்க வாய்ப்பில்லை. அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், தர்க்க அனுபவவாதத்தை விமர்சித்த அமெரிக்க மெய்யியலாளர் குவைனின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைவூட்டியிருக்கிறார். சொற்பொருளால் மட்டுமே உண்மையாகும் பகுப்பாய்வுக் கூற்றுகளுக்கும் அனுபவக் கூற்றுகளுக்கும் இடையிலான எல்லைக்கோட்டை அது கலைத்தது உண்மைதான். ஆனால் அதே குவைன், கரையேற வழியின்றி நடுக்கடலிலேயே தம் கப்பலைப் பலகை பலகையாகச் செப்பனிடும் மாலுமிகளைப் பற்றிய நொய்ராட்டின் உவமையைத் தம் 1960ஆம் ஆண்டு நூலின் முகப்பில் பொறித்தார். சரிபார்க்க முடியாத கூற்று பொருளற்றது என்ற கடுமையான கொள்கை நிலைக்கவில்லை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அதை 1936லேயே தளர்த்தியவரும் கார்னாப்தான்.