ஏப்ரல் 6 வெறும் துணுக்கு அல்ல

பொது அறிவு தேவையா என்று பேசிய அந்த நேரலையில் நடந்ததை மறுபடி விவரிக்க விரும்பவில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரிட்டனின் வரி ஆண்டு ஏன் ஏப்ரல் 6-ஆம் தேதி தொடங்குகிறது என்று நான் சொல்லத் தொடங்கியதுமே, "இந்தத் துணுக்கெல்லாம் கைப்பேசியில் கிடைக்கும், தலையில் எதற்கு?" என்று பேச்சு வெட்டப்பட்டது.

சொல்ல வந்ததை இங்கே முடித்துவிடுகிறேன். ஜூலியஸ் சீசரின் நாள்காட்டி ஆண்டுக்கு 365¼ நாள் என்று வைத்தது. பருவங்கள் ஒரு சுற்று முடிய ஆகும் காலத்தைவிட இது சுமார் 11 நிமிடம் அதிகம். நூற்றாண்டுகளில் அந்த நிமிடங்கள் நாட்களாகச் சேர்ந்து, பகலும் இரவும் சம நீளமாகும், மார்ச் 21-இல் வரவேண்டிய சம இரவு நாள் மார்ச் 11-க்கு வந்துவிட, அதை ஒட்டிக் கணிக்கப்படும் ஈஸ்டரும் இடம் பிசகியது. 1582-இல் போப் 13-ஆம் கிரகோரி 10 நாட்களை நீக்கினார். ஸ்பெயினும் போர்ச்சுகலும் போலந்தும் உடனே ஏற்றன. போப்பின் அதிகாரத்தை ஏற்காத பிரிட்டனோ 1752 வரை அசையவில்லை. அதற்குள் வேறுபாடு 11 நாளாகியிருந்தது. அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. மார்ச் 25-இல் தொடங்கிவந்த வரிக்கணக்கு, அந்த 11 நாளை ஈடுகட்ட, ஏப்ரல் 5-க்குத் தள்ளிப்போய், பிறகு 6-இல் நிலைத்தது. வானியலில் தொடங்கி, மதத்திலும் அரசியல் பகையிலும் சிக்கி, வரிக்கணக்கில் வந்து நிற்கும் இந்தச் செய்தியை எந்தப் பாடத்துக்குள் அடைப்பீர்கள்? பொது அறிவு என்பது இந்தத் தொடர்புதான் என்றுதான் நான் சொல்லவந்தேன்.

பள்ளியில் எங்கள் கணித ஆசிரியர் ஒருமுறை கரும்பலகையில் 1582 அக்டோபர் மாதத்தைக் கட்டம் கட்டி எழுதினார். வியாழன் 4, அடுத்த கட்டத்தில், வெள்ளி 15. தவறு என்று வகுப்பே கூவியது. அவர் சாக்பீஸை வைத்துவிட்டு, "நடுவில் காணாமல் போன பத்து நாள் கூலியை யார் கொடுப்பது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

தேடினால் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், தேடவேண்டும் என்று முதலில் தோன்ற வேண்டுமே! ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நாள் நவம்பர் 7 என்று படிக்கும்போது, 1918 வரை அங்கே சீசரின் பழைய நாள்காட்டி இருந்ததையும், அதில் அந்த நாள் அக்டோபரில் வந்ததையும் அறிந்தவருக்கு அது விளங்கும்; அறியாதவர் அச்சுப்பிழை என்று கடந்துவிடுவார். கைப்பேசி கேட்டதற்குத்தான் பதில் தரும்.

பொது அறிவு வெறும் மனப்பாடம் என்பது இன்னொரு வாதம். வினாடி வினாவில் வெறும் மனப்பாடக்காரர்கள் உண்டு என்பது உண்மை. அதற்குமேல் அந்த வாதத்தில் ஒன்றுமில்லை. "உழைத்துக் களைத்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்ற பின்னூட்டம்தான் என்னை மிகவும் வருத்தியது. நாட்கள் நீக்கப்பட்டபோது கூலியும் வாடகையும் கடன் தவணையும் யார் தலையில் விழுந்திருக்கும்? வாடகையையும் கடனையும் 11 நாள் முன்னதாகக் கேட்கக் கூடாது என்று பிரிட்டனின் சட்டமே தனியாக விதிக்க வேண்டியிருந்தது. இது உழைப்பவனின் கேள்விதான். அவனுக்கு இது வேண்டாம் என்று அவனைக் கேட்காமலே முடிவு செய்ய உங்களுக்கு யார் உரிமை தந்தது?

நிகழ்ச்சி முடிந்தபின் சிலர் தனிச்செய்தியில் ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் அன்பை மதிக்கிறேன். ஆனால் அன்று, அங்கேயே, "அவர் சொல்லி முடிக்கட்டும்" என்று அவர்களில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.