ஜுமான்ஜியும் அப்பா பார்த்த ஷூவும்

போன வாரம் எங்கள் பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சின்னத் தகராறு. பிள்ளைகளுக்கான புதுப் படம் ஒன்று வந்திருக்கிறது. மந்திரம், மாயம், பேசும் மிருகம் வகையறா. ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போகலாமா என்று மூன்றாம் மாடி அக்கா கேட்டார். அடுத்த நிமிடமே ஒருத்தர் விமர்சனத்தின் லிங்க்கைப் போட்டார். ஸ்டார் இரண்டு. கீழே அவருடைய சொந்தத் தீர்ப்பு: "வெறும் கிராபிக்ஸ், கதையே இல்லையாம்." திட்டம் அங்கேயே படுத்துவிட்டது.

நான் அந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. இன்னும் பார்க்கவே இல்லை. ஆனால் "வெறும் கிராபிக்ஸ், கதையே இல்லை" என்ற இந்த வரியோடு எனக்குப் பழைய பாக்கி ஒன்று இருக்கிறது. அது ஜுமான்ஜி விஷயம்.

1995 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த படம். ஜோ ஜான்ஸ்டன் இயக்கம், ராபின் வில்லியம்ஸ் நாயகன். நான் பார்த்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, தாராவியில், நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த ஒரு வீடியோ பார்லரில். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, நாலு பெஞ்ச், ஒரு டிவி. வழக்கமாக ரஜினி படம்தான் ஓடும். அன்றைக்கு என்ன கேசட் மாறியதோ, இங்கிலீஷ் படம் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் எழுந்து போனார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. அவர் தோல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். வாரத்தில் ஒருநாள்தான் லீவு. கொடுத்த காசுக்கு உட்கார்ந்தே தீருவேன் என்று உட்கார்ந்தார்.

பலமுறை ஓடித் தேய்ந்த கேசட். திரையில் பாதி நேரம் கோடு ஓடியது. சிங்கம் வந்தது, ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. காண்டாமிருகக் கூட்டம் வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு ஓடியபோது, தூசி எது, கேசட்டின் கோடு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ராட்சசக் கொசு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழேயே நாலா, அதாவது சாக்கடை, ஓடும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அது அவ்வளவு பெரிசாகவும் தெரியவில்லை!

ஆக, ஊரெல்லாம் எதைப் பார்க்கக் காசு கொடுத்ததோ, அந்த கிராபிக்ஸை நாங்கள் பார்க்கவே இல்லை. வசனமும் புரியவில்லை. அப்படியும் படம் புரிந்தது. 1969-இல் ஒரு பையன். அவன் அப்பாவுக்கு ஷூ ஃபேக்டரி. ஹாஸ்டலில் சேர்க்கப்போவதாக அப்பா சொல்ல, சண்டை. அன்று இரவு பையன் ஒரு பலகை விளையாட்டை ஆட, அது அவனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இருபத்தாறு வருஷம் கழித்து, பெற்றோரை விபத்தில் இழந்த அக்காவும் தம்பியும் அதே வீட்டுக்குக் குடிவந்து அதே ஆட்டத்தைத் தொடர, ஒவ்வொரு உருட்டலுக்கும் பலகையிலிருந்து ஒரு மிருகமோ ஆபத்தோ வீட்டுக்குள் வருகிறது. அப்படியே அவனும் தாடியும் மீசையுமாக வெளியே வருகிறான். அம்மா எங்கே, அப்பா எங்கே என்று தேடி ஓடுகிறான். ஃபேக்டரி பாழடைந்து கிடக்கிறது. மகனைத் தேடித் தேடியே எல்லாவற்றையும் அழித்துவிட்டார் அப்பா என்று அங்கே படுத்திருக்கும் ஒருவன் சொல்கிறான்.

படம் முடிந்து வெளியே வந்ததும் அப்பா சொன்னது இதுதான்: "அந்த ஷூவ அவன் பெல்ட்டு மேல வச்சிருக்கக் கூடாதுல. பாவம், ஒருத்தன் வேலை போச்சுல்லா."

படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆரம்பத்தில் ஒரு தொழிலாளி தானே வடிவமைத்த ஷூவைப் பெருமையாகக் காட்டுகிறான். பையன் அதைக் கவனமில்லாமல் கன்வேயர் பெல்ட்டில் வைத்துவிட, மிஷின் பழுதாகிவிடுகிறது. பழியைத் தொழிலாளி ஏற்றுக்கொண்டு வேலையை இழக்கிறான். சில நிமிடத்தில் வந்துபோகும் காட்சி. அத்தனை யானை, குரங்கு, வெள்ளத்துக்கு நடுவில் எங்கள் அப்பா பார்த்தது அந்த ஒரு ஷூவை.

சரி, விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? அமெரிக்காவின் பேர்போன விமர்சகர் ராஜர் ஈபர்ட் நான்குக்கு ஒன்றரை ஸ்டார்தான் கொடுத்தார். அவர் புகார் இரண்டு. ஒன்று, சின்னப் பிள்ளைகள் பயந்து ஓடிவிடும், இதையா குடும்பப் படம் என்கிறீர்கள் என்பது. இன்னொன்று, கோர்வையாகக் கதை இல்லை, வீடியோ கேம் மாதிரி ஆபத்து மேல் ஆபத்து வந்துகொண்டே இருக்கிறது என்பது. வேறு பலரும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். ஜனம் கேட்கவில்லை. சுமார் 6.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 26 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வசூல் ஒரு வாதமே இல்லை என்பது எனக்கும் தெரியும். கணக்குக்காகச் சொல்கிறேன்.

முதல் புகார் உண்மை. நானே இரண்டு நாள் விளக்கை அணைக்க விடவில்லை. ஆனால் பயந்தது சிங்கத்துக்கு இல்லை. அப்பாவோடு சண்டை போட்ட ராத்திரியில் காணாமல் போய்விட்டால் என்ன ஆகும் என்பதுதான் பயம். பிள்ளைகள் அப்படிப் பயப்படவே கூடாது என்றால் நம்முடைய பாட்டிக் கதைகள் பாதியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இரண்டாவது புகாரில்தான் எனக்குத் தகராறு. எங்கள் ஆச்சி வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபதம் விரிப்பாள். பாம்பு கடித்தால் கீழே, ஏணி கிடைத்தால் மேலே. அதில் என்ன கோர்வை இருக்கிறது? தாயக்கட்டையை உருட்டுகிறோம், விழுந்ததை அனுபவிக்கிறோம். ஆனால் உச்சிக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு பெரிய பாம்பு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்போது வீட்டில் ஒருத்தரும் தூங்கமாட்டார்கள். ஜுமான்ஜியின் கட்டுமானம் அதுதான். இஷ்டத்துக்கு எழுதியதாகத் தெரியும், ஆட்டத்தின் விதியே அப்படி.

இன்னொரு விஷயம். படத்துக்கு மூலம் கிரிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1981-இல் எழுதி வரைந்த சின்னப் படப் புத்தகம். அதில் காணாமல் போன அந்தப் பையனே கிடையாது. பெற்றோர் வெளியே போயிருக்கும் நேரத்தில் இரண்டு பிள்ளைகள் ஆடி முடிப்பதோடு சரி. தொலைந்த மகன், தேடிய அப்பா, மூடிய ஃபேக்டரி, அந்த ஷூ எல்லாம் படத்துக்காகச் சேர்த்தவை. கதையே இல்லை என்று திட்டு வாங்கிய படம், மூலத்தில் இல்லாத கதையைத் தேடிச் சேர்த்த படம்!

குறை இல்லாமல் இல்லை. பிள்ளைகளை வளர்க்கும் அத்தை கதாபாத்திரத்தைச் சுத்தமாக வீணடித்திருக்கிறார்கள். போலீஸ் கார் கொஞ்சம் கொஞ்சமாக நாசமாகிற காமெடியை இழுத்துக்கொண்டே போகிறார்கள். பின்பாதியில் ஓட்டம், ஓட்டம், ஓட்டம். அந்த இடத்தில் ஈபர்ட் பக்கம்தான் நான்.

வேடிக்கை என்னவென்றால், 2017-இல் அடுத்த பாகம் வந்தபோது பலகையே வீடியோ கேமாக மாறிவிட்டது. வீடியோ கேம் மாதிரி இருக்கிறது என்று முன்னதைத் திட்டினார்கள், வீடியோ கேமையே வைத்து எடுத்ததற்கு நல்ல விமர்சனம். ஈபர்ட் 2013-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று பார்க்க ஆசைதான்.

போன மாதம் என் மகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். வயது ஒன்பது. இந்தத் தடவை கோடு இல்லாத, பளிச்சென்ற பிரிண்ட். சமையலறையில் குரங்குகள் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, குரங்கெல்லாம் நக்லி!" நக்லி என்றால் இந்தியில் போலி. அவள் சொல்வது சரி. ரப்பர் பொம்மைக்கு உயிர் வந்த மாதிரிதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் ரோமம் வரைவது மலையைப் பிளக்கிற வேலை. 1993-இல் வந்த ஜுராசிக் பார்க் டைனோசர்களுக்கு ரோமம் தேவைப்படவில்லை. ஜுமான்ஜிக்கு ஒரு மாதம் முன்னால் வந்த டாய் ஸ்டோரியில் முக்கியப் பாத்திரங்கள் பொம்மைகள், வழுவழுப்பு அங்கே பொருத்தம். இங்கே சிங்கத்தின் பிடரிக்கு முடி முடியாக உருவாக்க வேண்டியிருந்தது. கிராபிக்ஸ் செய்த ஐ.எல்.எம். கம்பெனிக்காரர்கள் அதற்கென்றே மென்பொருள் எழுதினார்கள். அன்றைக்கு அது பெரிய சாதனை. இன்றைக்கு ஒன்பது வயசுக்காரிக்கு நக்லி.

சிரித்துக்கொண்டிருந்தவள் அந்தப் பாழடைந்த ஃபேக்டரி வந்ததும் சத்தமில்லாமல் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கடைசியில் பையன் மறுபடி 1969-க்குத் திரும்பி, அப்பாவைக் கட்டிக்கொண்டு, ஷூவை பெல்ட்டில் வைத்தது நான்தான் என்று ஒத்துக்கொள்ளும்போது, "அந்த அங்கிளுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டாள். தாத்தா சொன்னதை நான் அவளிடம் அதுவரை சொன்னதில்லை.

அதனால்தான் சொல்கிறேன். இந்த மாதிரிப் படத்தில் விமர்சகரின் கண் முதலில் கிராபிக்ஸ் மேல்தான் போகிறது. புகழ்ந்தாலும் அதைத்தான், திட்டினாலும் அதைத்தான். படத்தில் முதலில் பழசாகிப் போவதும் அதேதான். எழுதுகிற ராத்திரி ஒரு தடவை அந்தக் குரங்குகள் ஏற்கெனவே நக்லியாகிவிட்டன என்று நினைத்துக்கொண்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஸ்டார் போடலாமே. மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் தாராளமாகத் திட்டுங்கள்.

குரூப்பில் இதையெல்லாம் எழுதவில்லை. சண்டை வளரும். ஞாயிறு மதியக் காட்சிக்கு மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன், மூன்றாம் மாடி அக்காவும் பிள்ளைகளோடு வருவதாகத் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அப்பாவும் வருகிறார். ஏசி குளிரும் என்று இப்போதே சால்வையை எடுத்து வைத்துவிட்டார்.