கார்ன்ஃப்ளாரில் பிளாஸ்டிக் இல்லை

கார்ன்ஃப்ளாரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, கையால் குத்திக் காட்டும் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. குத்தினால் கல்லாக இறுகுகிறது, கையை எடுத்தால் ஓடுகிறது. "பிளாஸ்டிக் கலந்த மாவு, உஷார்!" என்று கீழே எழுதியிருக்கிறார்கள்.

கலப்படமே இல்லாத மாவும் இப்படித்தான் நடந்துகொள்ளும். இரண்டு பங்கு மாவுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர் விட்டால் யார் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். கார்ன்ஃப்ளார் என்பது சோளத்தின் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. ஸ்டார்ச் துகள்கள் குளிர்ந்த நீரில் கரைவதில்லை, நெருக்கமாக மிதக்கின்றன. சட்டென்று அழுத்தினால் இடையிலுள்ள நீர் விலகி, துகள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். விட்டால் நீர் திரும்ப நுழையும், குழம்பு ஓடும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சிலும் இதே வேடிக்கைதான். மைதாவில் வராது, அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் அதைப் பிசைந்த மாவாக்கிவிடும்.

சந்தேகமா? ஒரு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கலந்து அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, கலவை வழுவழுப்பாகக் கெட்டியாகும். சூப்பும் கஸ்டர்டும் கெட்டியாவது இதனால்தான். பிளாஸ்டிக் தூளுக்கு இந்த வேலை தெரியாது.

அயோடின் விட்டு நீலமானதையும் சிலர் 'கெமிக்கல்' என்கிறார்கள். ஸ்டார்ச் என்றால் நீலமாகத்தான் செய்யும். ஸ்டார்ச் இருக்கக் கூடாத பாலிலோ பனீரிலோ நீலம் வந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். அந்தச் சோதனை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின், வீட்டிலேயே கலப்படம் கண்டறிய உதவும் 'டார்ட்' கையேட்டில் இருக்கிறது.

வீடியோ வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.