கி.மு. 660 கணக்கு எங்கிருந்து வந்தது?

"ஜப்பானியர்கள் கி.மு. 660 முதல் ஒரே அரச வம்சத்தின் கீழ் ஒரே இனமாக வாழ்கிறார்கள், இது பதிவான வரலாறு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல.

கி.மு. 660இல் அரியணை ஏறிய முதல் பேரரசராகச் சொல்லப்படும் ஜிம்மு ஒரு புராண நாயகர். அவர் கதை வரும் பழைய ஜப்பானிய வரலாற்று நூல்களில் கோஜிகி தொகுக்கப்பட்டது 712இல், நிஹோன் ஷோகி 720இல். அதாவது, சொல்லப்படும் காலத்துக்கு 1300 ஆண்டுகளுக்கு மேல் கழித்து. ஜிம்மு 127 வயது வரை வாழ்ந்தார் என்கிறது நிஹோன் ஷோகி, கோஜிகியோ 137 என்கிறது!

ஜிம்மு அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் நாளை அரசு விழா நாளாக்கியது 19ஆம் நூற்றாண்டின் மெய்ஜி ஆட்சிதான். 1873இல் முதலில் ஜனவரி 29 அன்று கொண்டாடினார்கள். அது பழைய நாட்காட்டியின் புத்தாண்டோடு ஒத்துப்போனதால் மக்கள் குழம்பினார்கள். அப்புறம்தான் பிப்ரவரி 11க்கு மாற்றினார்கள். 1889இல் அரசியலமைப்பையும் அதே நாளில் பிரகடனம் செய்தார்கள். 1940இல், கி.மு. 660இலிருந்து எண்ணி, 2600ஆம் ஆண்டு விழா நாடு முழுக்க நடந்தது. ஜப்பானின் ஜீரோ போர் விமானத்தின் பெயரில் உள்ள பூஜ்யம் அந்த 2600இன் கடைசி இலக்கம்தான்.

அதே 1940இல், இந்தப் பழங்கதைகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ட்சுடா சோகிச்சியின் நூல்கள் தடை செய்யப்பட்டன. 1942இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. இத்தனைக்கும் அவர் பேரரசர் முறையை எதிர்த்தவரே இல்லை. கதையைக் கதையாகப் படியுங்கள் என்றதற்கே இந்தத் தண்டனை.

அரச வம்சம் மிகப் பழமையானது என்பதை நான் மறுக்கவில்லை. சுமார் 6ஆம் நூற்றாண்டிலிருந்து அதை ஓரளவு நம்பிக்கையோடு தொடர முடிகிறது. "ஒரே இனம்" என்பதோ வடக்கே வாழும் பூர்வகுடிகளான ஐனு மக்களையும், தெற்கே 1879 வரை தனி அரசராட்சி இருந்த ரியூக்யூ தீவுகளையும் அப்படியே மறைத்துவிடுகிறது.